ஒரு நிமிடமும் ஒரு தரைத்தள அறையும்

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். தமிழ் வழியில் பத்தாவது வரை படித்தவன் நான். அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் பைகளின் நீளம், அகலம், வார் எத்தனை அங்குலம் என்பவைதான். நாலு பேர் நிற்கும் இடத்தில் வாய் திறக்க வராதவன், முன்பின் தெரியாதவர்கள் படிக்கும்படி எழுதுவது அதிகப்பிரசங்கித்தனம் என்று எனக்கே படுகிறது. ஆனால் தொடர்புகளை வளர்த்துக்கொள், வாழ்க்கை தானாக வளரும் என்று சொல்கிறவர்கள் யாரும் எழுத வெட்கப்பட்டு நான் பார்த்ததில்லை. அப்படிச் சொல்கிறவர்கள் நடுவில் எட்டு மாதம் உட்கார்ந்திருந்தேன் என்ற ஒரே தகுதியில் இதை எழுதுகிறேன்.

தாராவியில் பத்துக்குப் பன்னிரண்டு அறை ஒன்றில் நாலு தையல் மெஷின் வைத்திருந்தேன். என்னோடு மூன்று பேர் வேலை செய்தார்கள், அதில் ஒருவர் ரெக்சின் வெட்டுகிற கட்டிங்காரர். பள்ளிக்கூடப் பை, ஆபீஸ் பை, அப்புறம் கூட்டங்களில் ஒரு நோட்டும் பேனாவும் போட்டுக் கொடுக்கிறார்களே, அந்த மெல்லிசுப் பை. அந்தப் பையை வாங்கிக்கொண்டு போகிறவர் மறுபடி தோளில் மாட்டுவதே இல்லை. வெங்காயம் போட்டு வைப்பார். இது தெரிந்தேதான் தைக்கிறோம். ஆகையால் அதற்கு ஒற்றைத் தையல் போதும்.

அந்தத் தீபாவளி முடிந்ததும் அறையின் சொந்தக்காரர் வந்து, கட்டிடத்தை இடிக்கப் போகிறார்கள், ஜூன் கடைசிக்குள் காலி செய்துவிடு என்றார். சத்தம் போடாமல், கெடுவும் கொடுத்துச் சொன்னதால் கோபப்படவும் வழியில்லை. வேறு அறை தேட வேண்டும், அதுவும் தரைத்தளமாக இருக்க வேண்டும். மெஷினை மாடிக்கு ஏற்றிவிடலாம். ரெக்சின் சுருள்களைத் தினமும் ஏற்றி இறக்க முடியாது. குர்லாவில் மூன்று இடம் பார்த்தேன். மூன்றிலும் அறையைக் காட்டினார்கள், ஆதார் அட்டையை வாங்கிப் பார்த்தார்கள், தாராவி என்ற சொல்லைப் படித்தார்கள், தெரிந்தவர் யாராவது உண்டா என்று கேட்டார்கள். எனக்குத் தெரிந்தவர்கள் எல்லோரும் தாராவிக்காரர்கள்.

அந்த வாரம்தான் மாட்டுங்காவிலிருந்து ஒருவர் இருநூறு பைக்கு ஆர்டர் கொடுக்க வந்தார். பெரிய கம்பெனியில் ஆபீசராக இருந்து ஓய்வு பெற்றவர். தொழில் செய்கிற தமிழர்கள் வாரம் ஒரு நாள் காலை ஏழரைக்குக் கூடும் மன்றம் ஒன்றுக்குத் தலைவர். ஒரு தொழிலுக்கு ஓர் ஆள்தான் அங்கே உறுப்பினராக முடியுமாம். பைக்கு இடம் காலியாக இருக்கிறது என்றார். ஒருவருக்கொருவர் தோள் கொடுப்பதுதான் எங்கள் கொள்கை என்றும் சொன்னார். எனக்கு வேண்டியது ஒரு தோள்கூட இல்லை, ஒரு வாய். என்னைத் தெரியும் என்று ஒருவர் சொன்னால் போதும். வீட்டில் மனைவியிடம் சொன்னேன். “எத்தன நாளைக்குத்தான் மெஷினோட பேசிக்கிட்டு இருப்பிய? போய்ச் சேருங்க” என்றாள்.

சேர்ந்தேன். முதல் வாரமே என் விசிட்டிங் கார்டு தலைவர் கைக்குப் போனது. அவர் அதைக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துவிட்டு, “தாராவின்னு போட வேண்டாம் சார். சயான்னு போடுங்கோ. பொய் ஒண்ணும் இல்லையே, ஸ்டேஷன் அதானே” என்றார். நூறு கார்டைக் கழித்துவிட்டு மறுபடி அச்சடித்தேன். அங்கே எல்லாரும் எனக்கு நல்லது நினைக்கிறார்கள் என்று அப்போது நினைத்தேன்.

கூட்டம் நடக்கும் விதத்தைச் சொல்ல வேண்டும். மாட்டுங்காவில் ஒரு மாடி ஹால். நீள மேஜை. மன்றத்து உறுப்பினரான கேட்டரிங்காரர் இட்லி, வடை, காபி கொண்டுவருவார். சாப்பிட்டு முடித்ததும் ஒவ்வொருவரும் எழுந்து ஒரு நிமிடம் பேச வேண்டும். தான் யார், என்ன தொழில், என்ன உதவி தேவை என்று. பள்ளிக்கூடத்தில் ஹெட்மாஸ்டர் மேஜையில் இருக்குமே, தட்டினால் ‘டிங்’ என்கிற மணி, அது தலைவர் முன்னால் இருக்கும். நிமிடம் முடிந்ததும் தட்டுவார். அதற்கு மேல் யாராவது பேசினால் அது பண்பாடு இல்லை. பேச்செல்லாம் முடிந்தபின் ஆளுக்கு ஒரு மஞ்சள் சீட்டு எடுத்து, யாருக்காவது ஒரு வாடிக்கையாளரைப் பரிந்துரை செய்து எழுதித் தர வேண்டும். வாரம் ஒரு சீட்டாவது தராதவரைத் தலைவர் செல்லமாகக் கண்டிப்பார்.

அந்தக் கண்டிப்புக்குப் பயந்து எழுதப்பட்ட சீட்டுகளில் எட்டு மாதத்தில் எனக்கு வந்தவை நினைவிருக்கிறது. பேரன் பையில் ஜிப் பிய்ந்துவிட்டது, ஒன்று. அதே பேரனுக்கு வார் அறுந்துவிட்டது, இரண்டு. முலுண்டில் ஓர் அம்மாள் சோபா உறை தைக்க ஆள் தேடுகிறாள், அவளைக் கூப்பிட்டுப் பார்க்கவும், மூன்று. கூப்பிட்டேன். அவள் சோபாவையே விற்றுவிட்டிருந்தாள். ஜிப்பையும் வாரையும் தைத்துக் கொடுத்தேன். நம் மன்றத்துக்குள் கூலி என்ன கேட்பது என்று பேரனின் தாத்தாவே சிரித்தபடி சொன்னார். அந்த மூன்று சீட்டும் மன்றத்தின் சாதனைக் கணக்கில் ஏறின.

என் ஒரு நிமிடத்தில் நான் எடுத்துக்கொண்டது ஏழு நொடி. எழுவேன், பேர் சொல்வேன், “பை தைக்கிறேன்” என்பேன், உட்காருவேன். பக்கத்தில் இன்ஷூரன்ஸ்காரர் மீதி ஐம்பத்து மூன்று நொடியையும் சேர்த்துப் பேசிவிடுவது போலப் பேசுவார். அவர் பாலிசி விற்றது ஒருவருக்குத்தான். அது நான்.

ஜூன் நடுவில் செம்பூரில் ஒரு கடைக்குப் பை கொடுக்கப் போனபோது, ஒரு சந்தில் ‘வாடகைக்கு’ என்று அட்டை தொங்கியது. தரைத்தளம், தெருவைப் பார்த்த கதவு, டெம்போ வாசல் வரை வரும். சொந்தக்காரர் மேல் வீட்டில் இருந்தார். நல்ல மனிதர். உள்ளே விட்டு, விளக்கைப் போட்டுக் காட்டினார். மூலையில் ஒரு பழைய இரும்பு பீரோ. அதன் பின்னால் சுவரில் முழங்கால் உயரத்துக்கு ஒரு பழுப்புக் கோடு ஓடியது. நான் அதைப் பார்த்ததை அவர் பார்க்கவில்லை. வெளியே வந்ததும் எதிரில் இஸ்திரி போடுகிறவரிடம் கேட்டேன். பெரிய மழையும் கடல் ஏற்றமும் ஒன்றாக வருகிற நாளில் தண்ணீர் உள்ளே வருமாம், வருடத்துக்கு இரண்டு தரம். மறுநாள் வடிந்துவிடுமாம்.

எனக்கு அது பெரிதாகத் தோன்றவில்லை. தையல் மெஷினின் மோட்டார் மேஜைக்கு அடியில் தொங்கும். மேஜைக் கால்களைச் செங்கல் வைத்து உயர்த்திவிடலாம். சுருள்களைப் பரண் அடித்து மேலே போடலாம். அளவெல்லாம் மனதுக்குள் எடுத்துவிட்டேன். மேல் வீட்டுக்கு ஏறிப் போனேன். சொந்தக்காரர் ஆதார் அட்டையைப் பார்த்தார். தாராவியைப் படித்தார். யாரைத் தெரியும் என்றார். நான் மன்றத்தின் பேரைச் சொன்னேன். அவர் முகம் மலர்ந்தது. தலைவரும் அவரும் முப்பது வருடம் ஒரே ஆபீசாம். “அவர் ஒரு போன் பண்ணட்டும். சாவியை வாங்கிண்டு போங்கோ” என்றார். படியிறங்கும்போது பார்த்தேன், நான் தைத்த மெல்லிசுப் பை ஒன்று அவர் வீட்டு வாசலில் மாட்டியிருந்தது. உள்ளே வெங்காயம்.

அன்று சாயங்காலமே தலைவருக்குப் போன் செய்தேன். போன் செய்வதற்கு முன்னால் இரண்டு தம்ளர் தண்ணீர் குடித்தேன். விஷயத்தைக் கேட்டுவிட்டு, தனிப்பட்ட முறையில் யாருக்கும் சிபாரிசு செய்வது மன்றத்தின் முறை இல்லை என்றார். பிறகு குரலை இளக்கிக்கொண்டு, “சபையில கேளுங்கோ. அதுக்குத்தானே ஒரு நிமிஷம் குடுத்திருக்கோம்? எல்லார் முன்னாடியும் கேட்டேள்னா அதுக்கு ஒரு மரியாதை இருக்கு” என்றார்.

இங்கேதான் நான் முட்டாள்தனம் செய்தேன். ஏழு நொடிக்காரன், ஒரு முழு நிமிடம் பேசுவதற்காக இரண்டு தாளில் எழுதினேன். பேசுவது என்றால் எனக்குத் தெரிந்தது ஒரே முறைதான். எட்டாவது படிக்கும்போது பேச்சுப் போட்டியில் வாத்தியார் சொல்லிக் கொடுத்த முறை. தாராவியில் எந்த மேடையிலும், அது கோவில் கொடையானாலும் கட்சிக் கூட்டமானாலும், இன்றுவரை நடக்கிற முறை. முதலில் சபைக்கு மரியாதை செய்ய வேண்டும். யாரையும் விட்டுவிடக் கூடாது. விட்டுப்போனவர் ஆயுளுக்கும் மறக்க மாட்டார். ஆகவே மன்றத் தலைவர் அவர்களே என்று தொடங்கி, துணைத் தலைவர், செயலாளர், பொருளாளர், சிற்றுண்டி வழங்கும் கேட்டரிங் உரிமையாளர், இன்ஷூரன்ஸ் ஆலோசகர், ஜோதிட மாமணி என்று ஒவ்வொருவருக்கும் ஒரு ‘அவர்களே’ போட்டு, மொத்தம் பதினேழு பேரை எழுதினேன். வீட்டில் மனைவி எதிரில் ஒருமுறை வாசித்துக் காட்டினேன். நல்லா இருக்கு என்றாள். நேரம் பார்க்க இரண்டு பேருக்கும் தோன்றவில்லை.

எழுந்து நின்றேன். குரல் வந்தது. பதினான்காவது ‘அவர்களே’வில் மணி அடித்தது. நான் நிறுத்திவிட்டேன். அறை என்ற சொல் இரண்டாம் தாளின் முதல் வரியில் இருந்தது.

கைதட்டினார்கள். அந்த ஹாலில் அப்படி ஒரு கைதட்டலை நான் கேட்டதில்லை. தங்கள் தங்கள் பட்டத்தை உரக்கக் கேட்ட சந்தோஷம் எல்லார் முகத்திலும் இருந்தது. மணி அடித்ததால் பட்டம் கேட்காமல் போன மூன்று பேர் மட்டும் காபியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தலைவர் எழுந்து, இதுதான் தமிழ்ப் பண்பாடு, நாம் மறந்துபோனதை இவர் நினைவுபடுத்தினார் என்றார். இனி வாராவாரம் நன்றியுரை இவருடையது என்று அங்கேயே அறிவித்தார். நான் கேட்க வந்தது என்ன என்று ஒருவரும் கேட்கவில்லை. அறை கேட்கப் போனவனுக்குப் பதவி கொடுத்து அனுப்பினார்கள்.

கூட்டம் கலைந்தபின் படிக்கட்டில் தலைவரைப் பிடித்தேன். கேட்டரிங்காரர் காபிப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு பக்கத்தில் நின்றார். போனில் சொன்னதையே மறுபடி சொன்னேன். ஒரு போன் மட்டும்தான் என்றேன். அடுத்த வாரம் உங்கள் நிமிடத்தில் கேளுங்கள், முறை என்று ஒன்று இருக்கிறதல்லவா என்று தோளைத் தட்டிவிட்டு இறங்கிப் போனார்.

கேட்டரிங்காரர்தான் நின்று விசாரித்தார். செம்பூரில் எந்தப் பக்கம், கீழ்த் தளமா, வண்டி வாசல் வரை வருமா, எத்தனை அடி, பூட்டுக் கதவா ஷட்டரா. எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். அந்த மன்றத்தில் என்னிடம் ஒருவர் அத்தனை கேள்வி கேட்டது அதுவே முதல் தடவை. அதில் நெகிழ்ந்துபோய்ச் சந்தின் திருப்பத்தைக்கூடக் கையால் காட்டினேன். சுவரில் இருந்த கோட்டைப் பற்றி அவர் கேட்கவில்லை. கேட்காததைச் சொல்கிற பழக்கம் எனக்கு இல்லை.

அடுத்த வாரம் இரண்டு தாளையும் கிழித்துவிட்டு ஒரே வரி எழுதிக்கொண்டு போனேன். எட்டுச் சொல். அதற்குத் தேவை ஏற்படவில்லை. கூட்டம் தொடங்கியதும் தலைவர் மணியை மூன்று தரம் தட்டினார். பெரிய வெற்றி ஏதாவது நடந்தால் மூன்று தரம். கேட்டரிங்காரர் எழுந்து, சரக்கு வைக்க இடமில்லாமல் ஒரு வருடமாகத் தவித்ததாகவும், செம்பூரில் அருமையான இடம் ஒன்று அமைந்துவிட்டதாகவும், தலைவர் போட்ட ஒரே போனில் சாவி கைக்கு வந்ததாகவும் சொன்னார். அரிசி, மைதா, சர்க்கரை என்று முதல் லோடு நாளைக்கே இறங்குகிறது என்றார். எல்லாரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். என் கை தட்டுவதை நானே பார்த்துக்கொண்டிருந்தேன்.

என் முறை வந்தபோது பேர் சொன்னேன், “பை தைக்கிறேன்” என்றேன், உட்கார்ந்தேன். ஏழு நொடி.

கடைசியில் நன்றியுரை. நன்றியுரைக்கு மணி கிடையாது. எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசலாம். மூட்டைகளைத் தரையில் அடுக்காதீர்கள், அந்தச் சுவரில் முழங்கால் உயரத்துக்குத் தண்ணீர் வந்த அடையாளம் இருக்கிறது என்று சொல்ல ஐந்து நொடி போதும். அந்தச் சொற்கள் நாக்கு வரைக்கும் வந்தன. எதிரில் கேட்டரிங்காரர் பல் குத்திக்கொண்டிருந்தார். தலைவர் என்னைப் பார்த்துத் தலையசைத்து, ஆரம்பிக்கலாம் என்று சைகை காட்டினார்.

மன்றத் தலைவர் அவர்களுக்கு என்று ஆரம்பித்தேன். ஒரே போனில் ஓர் உறுப்பினரின் கவலையைத் தீர்த்து வைத்த பெருந்தன்மைக்கு நன்றி சொன்னேன். சிற்றுண்டி வழங்கிய கேட்டரிங் உரிமையாளர் அவர்களுக்கு, புதிய இடம் பல்கிப் பெருகட்டும் என்று வாழ்த்தி நன்றி சொன்னேன். பதினேழு பேரையும் சொல்லி முடித்தேன். போன வாரம் விட்டுப்போன மூன்று பேரும் இந்த முறை கை தட்டினார்கள். கோட்டைப் பற்றிச் சொல்லவில்லை. இதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. அவர்கள் எனக்குச் செய்ததைத்தான் நான் அவர்களுக்குச் செய்தேன். அதுவும் அவர்களைப் போலவே சிரித்துக்கொண்டு, மரியாதையாக.

இறங்கும்போது கேட்டரிங்காரர் கையைப் பிடித்துக்கொண்டார். “நீங்க சொன்ன எடம்தான் சார். ரொம்ப தேங்க்ஸ்” என்றார். அவர் குரலில் கூச்சம் என்பதே இல்லை. ஒரு பொட்டலத்தில் ஆறு வடை கட்டிக் கொடுத்தார். பின்னால் வந்த தலைவர், நெட்வொர்க் என்றால் இதுதான், உங்களுக்கும் ஒன்று அமையும் என்றார். வடையை வாங்கிக்கொண்டேன். அதைத் திருப்பிக் கொடுக்கிற ஆள் நான் இல்லை.

காலி செய்ய மூன்று நாள் இருந்தது. ரயிலில் சயான் வந்து, நேராக ஜிப் கடைக்குப் போனேன். தாராவியில் பதினெட்டு வருடமாக அவரிடம்தான் ஜிப்பும் நூலும் வாங்குகிறேன். காயல்பட்டினம் பக்கத்துக்காரர். நான் கடையில் சொல்வது நம்பரும் நீளமும்தான், அவர் சொல்வது இருக்கு அல்லது இல்லை. அவரை ஒரு தொடர்பு என்று நான் எண்ணியதே இல்லை. தொடர்பு என்றால் ஷூ போட்டவர்களிடம் இருப்பது என்று நினைத்திருந்தேன். மன்றத்தில் நான் எழுதித் தள்ளிய மஞ்சள் சீட்டில் ஒன்றிலாவது அவர் கடைப் பேரை எழுதியிருக்கலாம். எழுதியதில்லை. மாட்டுங்காக்காரர்கள் முன்னால் தாராவிக் கடையைச் சொல்வதா என்ற நினைப்புதான். ஆக, இந்த விஷயத்தில் இகழ்ச்சிக்குரியவர்கள் பட்டியலில் பதினெட்டாவது ஆளும் உண்டு.

அவர் ஜிப்பை அளந்துகொண்டே என்னைப் பார்க்காமல் பேசினார். “ஏன்வே, ரூமு தேடுதீராமே. ஒம்ம கட்டிங்காரன் சொல்லித்தான் எனக்குத் தெரியுது. மாட்டுங்கால போயி மைக்கு பிடிக்கீரு, இங்க வாயத் தொறந்து ஒரு வார்த்தை கேட்டா முத்து உதிர்ந்துருமோ?”

நான் வடைப் பொட்டலத்தை அவர் பக்கம் தள்ளினேன். பிரித்து ஒன்றை எடுத்துக் கடித்து, எண்ணெய் கூடுதல் என்றார். இரண்டாவதையும் எடுத்துக்கொண்டார். பிறகு போனை எடுத்து மான்குர்தில் இருக்கிற தன் மச்சானைக் கூப்பிட்டார். “நம்ம பைக்காரருக்கு அந்த ரூமத் தொறந்து குடு. ஆளு பேச மாட்டாரு. ஜிப்பு மட்டமா வாங்க மாட்டாரு” என்றார். அவ்வளவுதான் அவர் கொடுத்த சிபாரிசு. அதில் ‘அவர்களே’ எதுவும் இல்லை.

மாலையில் போய்ப் பார்த்தேன். ஜன்னல் இல்லாத அறை. எதிரில் பொதுக் கழிப்பறை. வேலை செய்கிறவர்களுக்குத் தினமும் ஒரு மணி நேரம் கூடுதல் பயணம், அதில் ஒருவர் வருவாரா என்பது சந்தேகம். செம்பூர் அறைக்கு இது கால் பங்குகூட வராது. சுவர் நாலையும் கீழே குனிந்து பார்த்தேன். கோடு எதுவும் இல்லை. ஆதார் அட்டையை யாரும் கேட்கவில்லை. சாவியை வாங்கிக்கொண்டு வந்து மனைவியிடம் காட்டினேன். யார் கொடுத்தது, மன்றத்திலா என்றாள். ஜிப் கடை என்றேன். சாவியை வாங்கி ஆணியில் மாட்டிவிட்டு, “எட்டு மாசமா காலைல ஆறு மணிக்குச் சட்டைய தேச்சுக் குடுத்தேனே” என்றாள்.

மறுநாள் விடியற்காலையிலிருந்து பெரிய மழை. பதினொரு மணிக்குக் கடல் ஏற்றம் என்று டெம்போக்காரர் சொன்னார். நாலு மெஷினையும் தார்ப்பாய் போட்டு மூடி, டெம்போவில் ஏற்றி மான்குர்துக்குக் கொண்டுபோய் இறக்கினோம். பதினொன்றரை மணிக்கும் பன்னிரண்டு மணிக்கும் கேட்டரிங்காரரிடமிருந்து போன் வந்தது. நான் எடுக்கவில்லை.